தை மாதத்தில் புளித்த மேகம்

போன வாரம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் நிவேதா. நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். பழைய பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். “சார், உங்க கையெழுத்துல இருக்கிற ரெண்டு பதிவேட்டுல ஒரு சந்தேகம். குறிப்புன்னு போட்ட எடத்துல பக்கம் பக்கமா ‘புளி’ன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எல்லாத்தையும் ஒத்தைக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல கையெழுத்தும் போட்டிருக்கீங்க. புளின்னா ஏதாவது சங்கேதமா சார்?” என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டில் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. அந்தப் பக்கங்களை இனி யாரும் புரட்ட மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தவன் நான். “சங்கேதம் எல்லாம் இல்லம்மா. சாதாரணப் புளிதான், ரசத்துக்குப் போடுற புளி” என்றேன். அவள் சிரித்தாள். “இன்னொண்ணு சார். அதே பக்கங்கள்ல ‘புகை வரும் இடம்’னு ஒரு கட்டம் முத்திரை குத்தியிருக்கு. எல்லாப் பக்கத்துலயும் காலியா இருக்கு. அதுல என்ன போடறது?” யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. அதில் என்ன எழுத வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

கேட்டது அவள் என்றாலும் பதிலை எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன்.

நான் வேதியியல் படித்தவன். காற்றை ஆராயும் ஒரு நிறுவனத்தில் கள உதவியாளராகச் சேர்ந்தேன். சென்னையில் ஆறு மாதம் பயிற்சி. அதில் இரண்டு மாதம் குப்பி கழுவியே போனது. பிறகு கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊர் மலையடிவாரத்தில்தான் என்பதால் சொந்த ஊர்ப் பக்கமே வேலை கிடைத்த மிதப்பில் வந்தேன். வேலை இரண்டு இடத்தில். கீழே கள்ளக்குறிச்சியில் வாடகை மாடியில் அலுவலகம், அதன் மொட்டை மாடியில் மழைநீர் பிடிக்கும் வாளி. மேலே கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, கிழக்கே சமவெளியைப் பார்த்தபடி ஒரு பாறை விளிம்பு. அங்கே ஒரு தகரக் கொட்டகையும், மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் ஒரு கருவியும்.

கருவி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆள் உயரச் சட்டம். அதில் கட்டிலுக்குக் கயிறு கட்டுவதைப் போல நெருக்கமாக நைலான் நரம்பு கட்டியிருக்கும். குளிர்காலத்தில் மேகம் மலை விளிம்பில் வந்து மோதி, தரையோடு தரையாக நம்மைக் கடந்துபோகும். அப்போது அதன் துளிகள் நரம்பில் ஒட்டி, கீழே வழிந்து, புனல் வழியாகக் குப்பிக்குள் சொட்டும். இரண்டு மணி நேரம் நின்றால் ஒரு டம்ளர் தேறும். மலைக்காரர்கள் அதற்கு ‘மேகம் கறக்கிற மிஷின்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சில நாள் மாடு மாதிரியே அது கறக்கவும் மறுக்கும்.

மேகத்தை எதற்குக் கறக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் கேலி செய்யாதவர் கிடையாது. மேகம் என்றால் மழை, மழை இல்லாத மேகம் வீண் என்பதுதான் நம் எண்ணம். எங்கள் நிறுவனத்தின் கணக்கு வேறு. பெரும்பாலான மேகங்கள் மழையாவதே இல்லை. ஒரு பக்கம் சேர்ந்து, இன்னொரு பக்கம் கலைந்துவிடும். ஆனால் சும்மா கலைவதில்லை. தரையிலிருந்து எழும்பும் புகை, தூசி, உரத்து வாடை, வண்டி விடும் வாயு எல்லாவற்றையும் உள்ளே இழுத்து, தூக்கிக்கொண்டு போய், வழியிலேயே அதை வேறு பொருளாக மாற்றி, எங்கோ விட்டுவிட்டுக் கலையும். உள்ளே போனது ஒன்று, வெளியே வருவது இன்னொன்று. அதைப் பிடித்துப் பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

எனக்கு மேலதிகாரி செண்பகம் மேடம். சென்னையிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை வருவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு மெதுவாகப் பேசுவார். முதல் நாள் என்னை நிமிர்ந்து பார்த்து, “நெத்தியில விபூதி வெச்சிருக்கீங்க” என்றார். பக்திமான் என்று மெச்சுகிறார் என நினைத்துச் சிரித்தேன். “குனிஞ்சு புனலைக் கழட்டும்போது அது உள்ள கொட்டும். சாம்பல். நான் மேகத்தை அளக்கணும், உங்க நெத்தியை இல்ல” என்றார். அன்றிலிருந்து மலைக்குப் போகும் நாளில் விபூதி கிடையாது. தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர் கிடையாது. நூறு தப்படிக்குள் பீடி கிடையாது. குப்பியை வடிநீரில், அதாவது காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரில், மூன்று முறை அலச வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் பட்டால் அந்தக் குப்பியைத் தனியே வைத்துவிட வேண்டும். பட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், பட்டது.

எல்லாவற்றுக்கும் மேல் ‘வெறும் குப்பி’. வாரம் ஒரு முறை, மேகமே இல்லாத வெயில் நாளில், நரம்பின் மேல் வடிநீரை ஊற்றி, அது வழிந்து சொட்டுவதைக் குப்பியில் பிடித்து அதையும் சோதிக்க வேண்டும். கருவி சுத்தமாக இருந்தால் ஊற்றின தண்ணீர் அப்படியே வரும். அழுக்கிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். மேடம் எப்போது வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். நலம் விசாரிப்பது அதற்கு அப்புறம்.

பதிவேட்டுக்கும் ஒரு முறை உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தவறென்றால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, கையெழுத்திட வேண்டும். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். நிவேதா போன் செய்ததற்கு இந்த விதிதான் காரணம்.

மலையில் கருவியைப் பார்த்துக்கொண்டவர் சடையன். இந்த மலையின் ‘மலையாளி’ என்னும் பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவர், பக்கத்துக் குக்கிராமம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நான் ‘சடையா’ என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை ‘சார்’ என்பார். இப்போது எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது அவருக்கு. மேகக் குப்பிக்கு மேல் ஒரு சுழியும், வெறும் குப்பிக்கு மேல் ஒரு சூரியனும் வரைந்து, கிழமையைக் கோடுகளாகப் போடுவார். திங்கள் ஒரு கோடு, செவ்வாய் இரண்டு கோடு. ஒரு நாளும் பிசகியதில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரமே பீடியை விட்டுவிட்டார். “அம்மா சொல்லிட்டாங்க இல்ல சார்” என்பார், மேடத்தைத்தான் அப்படிச் சொல்வார். அவ்வளவுதான் அவருக்குக் காரணம்.

வாரா வாரம் திங்கட்கிழமை எங்கள் ஊரிலிருந்து பைக்கில் மலை ஏறி, அந்த வாரத்துக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் கீழே கொண்டுவந்து சோதிப்பேன். முதலில் புளிப்பு. பி.ஹெச். மீட்டரின் முனையைக் குப்பியில் விட்டால் எண் காட்டும். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். காற்றுப்பட்ட சுத்தமான தண்ணீர் ஐந்தரைக்குப் பக்கம் நிற்கும். கீழே கள்ளக்குறிச்சி மழை ஆறரை, ஏழு என்று காட்டும். மண் தூசியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதன் புளிப்பை முறித்துவிடும். மலையில் ஐப்பசி, கார்த்திகை மேகங்கள் ஐந்தரை, ஆறு என்று ஒழுங்காகத்தான் வந்தன.

அந்த வருடம் தை பிறந்து இரண்டாவது வாரம். மேகக் குப்பியில் முனையை விட்டேன். எண் இறங்கியது. ஐந்தைத் தாண்டி, நாலரையைத் தாண்டி, நாலுக்கும் கீழே போய் நின்றது. பகீரென்றது எனக்கு. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து, அளவு தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபார்த்தேன். மீட்டர் நன்றாகவே இருந்தது. அடுத்த குப்பியும் அப்படியே. மேகம் புளிக்குமா? ஊறுகாய்த் தண்ணீர் அளவுக்குப் புளிக்குமா? நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மறுநாளே மலை ஏறினேன். கல்வராயன் மலையில் தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் புளிக் காலம். மரத்தை உலுக்குவார்கள், ஓடு உடைப்பார்கள், கொட்டை தட்டுவார்கள். வீட்டுக்கு வீடு பாயில் புளி காயும். பிள்ளைகளின் கை, சேலை முந்தானை, கதவுத் தாழ்ப்பாள் எதைத் தொட்டாலும் பிசுபிசுக்கும். சடையன் வீட்டு வாசலில் அவர் மனைவி பொன்னி பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதே வாசலில், நாலு அடி தள்ளி, கழுவிய புனல் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தது.

எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. இவ்வளவுதானா விஷயம்!

“இன்னா சடையா இது? புனலைப் புளி போட்டுத் தேச்சியா?”

ஓடு உடைத்துக்கொண்டிருந்த சடையன் பதறி எழுந்தார். “இல்லீங்க சார். புளி அண்டாவுக்குங்க. மிஷின் சாமானை வேற யாரும் தொடவே மாட்டாங்க. நான் புளி வேலை பார்த்தா மூணு தரம் கை கழுவிக்கினுதாங்க அங்க போவேன்.”

“அப்ப தண்ணி எப்படிப் புளிக்குது? மேகம் என்ன ரசமா?”

“தெரியலீங்க. ஆனா சார், இப்ப கொஞ்ச நாளா மேகம் ஏறி வர்றப்ப ஒரு வாடை வருதுங்க. டயர் எரிஞ்சா வருமே, அந்த மாதிரி. மேகம் வந்து போனா தொண்டை கரகரன்னு இருக்குதுங்க.”

“கதை வுடாத” என்றேன். பதிவேட்டில் வாடைக்கு ஒரு கட்டம் இல்லை, நான் எழுதவும் இல்லை. அந்தக் குப்பிகளுக்கு நேரே ‘புளி’ என்று எழுதி, கழிக்க வேண்டியவை என்று வட்டம் போட்டேன்.

பங்குனி வரை அதே கதை. கோடையில் மேகம் இறங்கி வரவில்லை. வாரம் தவறாமல் ‘புளி’. மழைக்காலம் வந்ததும் எண்கள் ஒழுங்காகிவிட்டன. புளிக் காலம் முடிந்தது, கை சுத்தமாகிவிட்டது, பார்த்தாயா என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். கழித்த குப்பிகள் அட்டவணையில் ஏறாது என்பதால் சென்னைக்கு எதுவும் தெரியவில்லை. மேடமும் தாயார் படுக்கையில் விழுந்ததால் அந்த வருடம் வரவில்லை. வெறும் குப்பிகளைச் சடையன் ஒழுங்காகப் பிடித்துத்தான் கொடுத்தார். நான் அவற்றைச் சோதிக்காமல் குளிர்பெட்டியின் அடித்தட்டில் அடுக்கிவைத்தேன். குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகு சாட்சியை விசாரிப்பானேன் என்ற திமிர்.

அடுத்த தை பிறந்தது. எண் மறுபடி இறங்கியது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ‘கருவிப் பணியாளர் பலமுறை எச்சரித்தும் கருவியை மாசுபடுத்துகிறார்’ என்று ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். மேடம் அப்போதும் விடுப்பில் இருந்தார். சென்னையில் நிர்வாகப் பிரிவே மாசியில் சடையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டது. கொட்டகைச் சாவியை என் கையில் கொடுக்கும்போது, “நான் அதுல புளி பட வுடலீங்க சார். அம்மாகிட்ட அத மட்டும் சொல்லிடுங்க” என்றார். வேலை போவதை விட, மேடம் தன்னை அழுக்குக் கைக்காரன் என்று நினைத்துவிடுவாரே என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. பத்து நாளில் அவர் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

வேறு ஆள் கிடைக்கும் வரை நானே மலையில் தங்கினேன். நரம்பை முழுதாக அவிழ்த்துப் புதிதாகக் கட்டினேன். புதுப் புனல். புதுக் குப்பி. மூன்று முறைக்கு ஆறு முறை அலசினேன். விடிந்த கொஞ்ச நேரத்தில் கிழக்கிலிருந்து மேகம் ஏறி வந்தது. பிடித்தேன். கீழே கொண்டுவந்து முனையை விட்டேன்.

நாலுக்கும் கீழே.

அந்த நிமிடம் நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். மீட்டரை அணைத்துவிட்டு, அறையில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன். புளி என் கையில் இல்லை. பொன்னியின் அண்டா அங்கே இல்லை. சடையன் குடகில் இருக்கிறார். அப்படியானால்? அப்படியானால் என்ற இடத்துக்கு அப்புறம் யோசிக்க எனக்குத் துணிவில்லை. பேனாவை எடுத்தேன். குறிப்பு என்ற இடத்தில் ‘புளி’ என்று எழுதினேன். பழைய கறை எங்கோ ஒட்டியிருக்கிறது என்று என்னையே நம்பவைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே எழுதினேன். இதை நான் இதுவரை என் மனைவியிடம் கூடச் சொன்னதில்லை.

சித்திரையில் மேடம் வந்தார். தாயார் தவறிப் போயிருந்தார். இளைத்திருந்தார். உட்கார்ந்ததும் வழக்கம் போல, “வெறும் குப்பி எங்க?” என்றார். அடித்தட்டைக் காட்டினேன். சூரியன் வரைந்த குப்பிகள் இரண்டு புளிக் காலத்துக்கும் வரிசையாக நின்றன. அவர் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். தை. மாசி. ஒவ்வொரு ‘புளி’ மேலும் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். பங்குனிப் பக்கத்தில் விரல் நின்றது.

“சடையன் என்னைக்கு வேலையை விட்டுப் போனாரு?”

“மாசியில, மேடம்.”

“பங்குனியில யார் பிடிச்சது?”

“நான்தான்.”

“அப்ப இந்தப் புளி யாரோடது?”

மெதுவாகத்தான் கேட்டார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சூரியன் குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மீட்டரில் வைத்தார். ஐந்தரை. ஐந்தரை. ஐந்தே முக்கால். புளி உடைத்த வாரங்களில் பிடித்தவை உட்பட அத்தனையும் ஊற்றின தண்ணீராகவே இருந்தன. ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு மனிதனின் நேர்மை என் குளிர்பெட்டியின் அடித்தட்டில் மூடி போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் திறந்து பார்த்திருந்தால் போதும்.

“கருவி சுத்தம். மேகம்தான் புளிக்குது” என்றார் மேடம். பிறகு ஒரு தாளை எடுத்து வரைந்து சொன்னார். புகையில் கந்தக வாயு இருக்கிறது. வெறும் காற்றில் அது அமிலமாக மாற நாள் கணக்கில் ஆகும். மேகத் துளிக்குள் போய்விட்டால் நிமிடக் கணக்கில் மாறிவிடும். மலை மேல் சுண்ணாம்புத் தூசி குறைவு, முறிக்க ஆளில்லை. அந்த மேகம் மழையாகாமல் கலைந்தாலும் அமிலம் போய்விடாது. துளியில் இருந்தது உப்புத் தூளாகக் காற்றில் நின்று, மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். மேகம் கலைந்துவிட்டது, வானம் தெளிந்துவிட்டது என்று நாம் நினைப்போம். “சடையன் ஏதாவது சொன்னாரா? அங்க நின்னவர் அவர்தானே?” என்று கேட்டார்.

டயர் வாடை என்று சொன்னதைச் சொன்னேன். வேறு வழியில்லை.

“எங்கிருந்து வரும்?”

மலையடிவாரத்தில் கிழக்குப் பக்கம் வரிசையாகச் செங்கல் சூளைகள், எங்கள் பக்கத்துப் பேச்சில் காளவாய்கள். தை பிறந்தால் நெருப்பு வைப்பார்கள், மழைக்காலத்தில் அணைத்துவிடுவார்கள். புளிக் காலமும் சூளைக் காலமும் ஒன்றாகவே தொடங்கும். அதில் நடுச் சூளை என் தம்பி ராஜவேலுவுடையது. பழைய டயர் வாங்கிப் போடும் பழக்கத்தை அந்த வரிசையில் ஆரம்பித்ததும் அவன்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்துப் போட்டார்கள். ஆரம்பிக்கும் முன் என்னிடம்தான் வந்து கேட்டான். “ண்ணே, நீ கெமிஸ்ட்ரி படிச்சவன். டயர் போட்டா நல்லா எரியுமா?” ரப்பருக்குச் சூடு ஜாஸ்தி, விறகு கம்மியாகச் செலவாகும் என்று பெருமையாகச் சொன்னவன் நான். டயரில் கந்தகம் இருக்கிறது என்பதைப் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கியவனும் நான்தான்.

“கீழ எங்கயோ இருந்து வருது மேடம். விசாரிக்கணும்” என்றேன்.

அவர் பதிவேட்டை மூடினார். கழித்த பக்கங்களுக்கெல்லாம் ‘புகை வரும் இடம்’ என்று ஒரு முத்திரை செய்து குத்தச் சொன்னார். “விசாரிச்சு எழுதுங்க. அதுக்கு முன்னாடி சடையனைக் கூட்டிட்டு வாங்க. நான் கடிதம் தர்றேன். ஆனா நீங்க நேர்ல போய்க் கேக்கணும்” என்றார்.

சடையன் ஆடிக்குத்தான் ஊருக்கு வந்தார். பொன்னி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். குடிக்கத் தண்ணீர் கூட வரவில்லை. நியாயம்தான். என் மேல் தப்பு, மேகம்தான் புளித்தது, உன் வெறும் குப்பிகள்தான் காட்டிக்கொடுத்தன என்று நின்றபடியே சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

“அந்த நோட்டுல இன்னும் புளின்னுதான சார் கெடக்குது?” என்றார்.

“ஆமா.”

“அத என் கண்ணு முன்னால அடிங்க. அப்புறம் வர்றேன்.”

கள்ளக்குறிச்சிக்கு வந்தார். மேஜைக்கு எதிரே உட்காரச் சொன்னேன், நின்றார். ஒரு பக்கம் விடாமல் ஒற்றைக் கோடு இழுத்து, மேலே ‘மேகம்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் “இதுலயும் அதான் போட்டிருக்குதுங்களா?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். கடைசிப் பக்கம் முடிந்ததும் முத்திரைக் கட்டத்தைக் காட்டி, “இதுல ஒண்ணும் எழுதலீங்களே?” என்றார். அது அப்புறம் எழுத வேண்டியது என்றேன். அவர் மறு கேள்வி கேட்கவில்லை. கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு உடம்பு முடிந்தவரை அந்தக் கருவி அவர் பொறுப்பில்தான் இருந்தது. ‘சடையா’ என்பதை ‘அண்ணே’ என்று மாற்றிக்கொண்டேன். அது ஒன்றுதான் நான் உடனே செய்த காரியம்.

தம்பியிடம் பேசினேன். “ஊர்ல எல்லாருந்தான் போடறாங்க. என்னை மட்டும் கேக்கற? நீதானண்ணே சொன்ன!” என்றான். வீட்டில் சண்டை. அம்மா அழுதாள். அவன் டயரைக் குறைத்தான், நிறுத்தவில்லை. பிறகு வேறு காரணத்துக்காகச் சூளையையே மூடினான். மேடம் இரண்டு முறை கேட்டார், விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு முறையும் சொன்னேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. கட்டம் காலியாகவே கிடந்தது. யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிவேதா கூப்பிட்ட அன்று மாலை சடையனுக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்போது வயது நன்றாக ஏறிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். பேரன் எடுத்துக் கொடுத்தான். நலம் விசாரித்துவிட்டு, விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கட்டத்தை இப்போது எழுதப் போகிறேன், எந்தச் சூளை என்று எனக்கு அன்றைக்கே தெரியும், உன்னிடம் மறைத்துவிட்டேன் அண்ணே என்றேன்.

“எனக்குந் தெரியும் சார்” என்றார்.

“என்ன தெரியும்?”

“உங்க தம்பி காளவா தான.”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “யார் சொன்னாங்க அண்ணே? எப்பத் தெரியும்?”

“யாரும் சொல்லலீங்க. வாடை வருதுன்னு உங்ககிட்ட சொன்னேனே, அன்னிக்கே தெரியும். ஞாயித்துக்கெழம ஊருல இருந்துட்டு திங்கக்கெழம மலை ஏறி வருவீங்க இல்ல? அப்ப உங்க சட்டையில வருமே, அதே வாடைதாங்க மேகத்துலயும் வந்துது.”

விபூதி வைக்காமல், எண்ணெய் தடவாமல், பவுடர் பூசாமல் மலை ஏறியவன் நான். பீடி பிடித்தாயா என்று அவரைக் கிட்டத்தில் நிறுத்தி முகர்ந்து பார்த்திருக்கிறேன். அவர் சும்மா நின்றிருக்கிறார், என் சட்டையின் வாடையைப் பிடித்துக்கொண்டு.

“அப்ப ஏண்ணே சொல்லல? அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. வேலை போச்சே உனக்கு!”

“மொதல்ல சொன்னதையே நீங்க எழுதிக்கலீங்களே” என்றார். அவ்வளவுதான். பேரன் போனை வாங்கி, தாத்தா மாத்திரை போட வேண்டும் என்றான்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். மறுநாள் காலை, நான் இப்போது குடியிருக்கும் சின்னசேலத்தில் பஸ் ஏறி கள்ளக்குறிச்சி போனேன். நிவேதா இரண்டு பதிவேடுகளையும் எடுத்து வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள். முத்திரைக் கட்டங்களில் ஒவ்வொன்றாக என் தம்பியின் பெயரையும் சூளை இருந்த இடத்தையும் எழுதினேன். டயர் போடலாம் என்று சொன்னது நான் என்பதையும் முதல் பக்கத்தில் எழுதினேன். அவள் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். கடைசிப் பக்கம் முடிந்ததும், “சார், கம்ப்யூட்டர்ல ‘கண்டறிந்தவர்’னு ஒரு எடம் இருக்கு. உங்க பேரைப் போட்டுடவா?” என்றாள்.

சடையன் என்று போடச் சொன்னேன்.